ஸ்டியரிங் பெட்டி இடம்பெயர்ந்த கதை

ரயில்வே குமாஸ்தாவுக்கும் ஜீப் வண்டிக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன் நான். கோப்புகளோடும் ரசீதுகளோடும் பழகியவனேயன்றி ஸ்பானர் பிடித்துப் பழகியவனல்லன். ஆயினும், சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் குடும்பத்தார் ஏழு பேரின் உயிர் ஓர் இரும்புத் தகட்டை நம்பி ஒரு பகல் முழுவதும் மலைப்பாதையில் பயணம் செய்தது. அத்தகட்டில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்று இருந்ததென்பது வீடு திரும்பிய மறுநாள்தான் தெரிந்தது. அதன் பின்னர் சுமார் ஒரு மாத காலம் அலுவலகம் விட்டதும் தாராவிப் பட்டறை ஒன்றில் முக்காலியில் அமர்ந்து நான் கண்டதையும் கேட்டதையுமே இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் டாக்ஸி ஓட்டுவோர், டெம்போ வைத்திருப்போர், பழைய ஜீப்பை ஆசைக்கு வாங்கி வைத்திருப்போர் எனப் பலர் உண்டு. அவர்களுக்கு இது பயன்படக் கூடும்.

வண்டி என்னுடையதன்று, செம்பூரில் இருக்கும் என் மைத்துனருடையது. வாலிபர். மழை பெய்து சேறு நிறைந்தால் மற்றவர்கள் வீட்டிற்குள் போவார்கள். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போவார். சேற்றிலும் கல்லிலும் வண்டி ஓட்டுவதற்கென்றே நண்பர் கூட்டம் ஒன்று அவருக்கு உண்டு. அதில் என்ன இன்பம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்த ஜீப்பைப் பார்த்தால் எனக்கும் ஒரு மரியாதை தோன்றுவதுண்டு. ஜீப் வண்டிக்கும் நம் மும்பைக்கும் உள்ள தொடர்பு அப்படிப்பட்டது. 1945ஆம் ஆண்டு ‘மகிந்திரா அண்டு முகம்மது’ என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், பங்காளிகளில் ஒருவரான குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டபின் 1948இல் ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’ ஆயிற்று. சென்றவர் பின்னாளில் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவே ஆனார். இங்கே இருந்தவர்கள் அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி ஜீப்புகளைத் துண்டு துண்டாக வரவழைத்து, 1949 முதல் நம் மஜ்காவில் பூட்டி ஓடவிட்டார்கள். ஹார்பர் லைனில் டாக்யார்டு ரோடு நிலையத்தில் இறங்கினால் நடந்து போகிற தூரந்தான். உலக யுத்தத்திற்காக வரையப்பட்ட அந்த வண்டியின் வமிசமே பிறகு நம் நாட்டுக் காடு, கழனி, போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் எங்கும் பரவிற்று.

அந்த வமிசத்திற்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஓட்டுபவர் ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்புகிறார். அந்தச் சுழற்சி ஒரு தண்டு வழியாகக் கீழே ஓர் இரும்புப் பெட்டிக்குள் போகிறது. அதுதான் ஸ்டியரிங் பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் திருகு, சக்கரத்தின் பல சுற்றுகளை ஒரு சிறிய கையின் ஊசலாட்டமாக மாற்றித் தருகிறது. அந்தக் கையை மெக்கானிக்குகள் டிராப் ஆர்ம் என்பர். அதிலிருந்து ‘டிராக் லிங்க்’ என்னும் தண்டு புறப்பட்டு முன்சக்கரங்களைத் தள்ளவோ இழுக்கவோ செய்கிறது. பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் இத்தண்டு நேரே சக்கரத்திற்குப் போவதில்லை. முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் பொருத்திய ‘பெல் கிராங்க்’ என்ற ஒரு திருப்புக்கையில் முதலில் முட்டி, அங்கிருந்து இரு சிறு தண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு சக்கரத்திற்கும் ஒன்றாகப் போகிறது. ஆக, தலைமை குமாஸ்தாவிடம் சொன்ன செய்தி அவர் உதவியாளர் வழியாக இரண்டு பியூன்களிடம் சேருவதைப் போன்றதுதான். நடுவே எத்தனை கை மாறுகிறதோ அத்தனை தேய்மானம். பெல் கிராங்கின் ஊசியும் உருளைகளும் தேய்ந்துவிட்டால், ஸ்டியரிங் சக்கரத்தை ஒரு கையகலம் திருப்பினாலும் வண்டி கேட்பதில்லை; மாறாக, ஒரு குழியில் விழுந்து எழுந்தால் முன்சக்கரங்கள் இரண்டும் மலேரியாக் குளிர் கண்டவன் போல் நடுங்குகின்றன.

அமெரிக்காவிலும் இக்குறையை உணர்ந்தார்கள். 1970இல் ஜீப் தொழிலை வாங்கிய அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனியார் 1972ஆம் வருஷத்து மாடல்களில் பெல் கிராங்கை ஒழித்தார்கள். குண்டுகள் உருளும் சாகினா ஸ்டியரிங் பெட்டியைச் சேஸிஸின் முன்முனைக்குக் கொண்டுபோய், டிராக் லிங்க்கைக் குறுக்காகவே எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தின் கைக்கு நேரே பூட்டினார்கள். சக்கரங்கள் இரண்டையும் ஒரே நீண்ட டை ராடால் இணைத்தார்கள். நடுவே இருந்த ஆசாமி போய்விட்டார். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் இன்று செய்துகொள்கிற மாற்றமும் இதுவே. பவர் ஸ்டியரிங் வேண்டுமென்றால் இம்மாற்றம் ஏறத்தாழக் கட்டாயமாகிவிடுகிறது.

ஆனால் பெட்டியை முன்னுக்குக் கொண்டுபோனால் அதைத் தாங்க அங்கே ஏதேனும் வேண்டுமல்லவா? அதற்குத்தான் பிராக்கெட். அந்தப் புதிய ஏற்பாட்டில் வந்த அமெரிக்க ஜீப்புகளுக்கே பலவீனமான இடம் இந்தப் பிராக்கெட்தான் என்பது ஜீப்காரர்கள் எல்லாரும் அறிந்த செய்தி. தகட்டை அடித்து மடக்கிச் செய்த அத்துண்டுகள் நாளடைவில் நெளிந்து, விரிந்து, சில வண்டிகளில் பிளந்தும் போயின. கனத்த தகட்டில் வெட்டிய மாற்றுப் பிராக்கெட்டுகளை விற்பதே அங்கே ஒரு தனி வியாபாரமாக வளர்ந்தது. கம்பெனி செய்ததற்கே இக்கதி என்றால், சாலையோரத்தில் அரை நாளில் வெட்டி ஒட்டியது எம்மாத்திரம்!

என் மைத்துனர் செய்தது அதுதான். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பவர் ஸ்டியரிங் பெட்டியைக் குர்லா உதிரிபாகக் கடைகளில் தேடி வாங்கினார். நெடுஞ்சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் கொடுத்தார். ஐந்து மில்லிமீட்டர் தகட்டை மடக்கி, காஸ் வெட்டுக் கருவியாலேயே துளை போட்டு, சேஸிஸின் மீது பற்றவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு மிக அழகாயிருந்தது. ஒரே விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக் காட்டி, “அத்தான், வெண்ணெய் மாதிரி இருக்கு பாருங்க!” என்றார். நானும் சுழற்றிப் பார்த்தேன். வெண்ணெய்தான்.

அந்த வெண்ணெயை நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் உட்பட ஏழு பேர் கல்யாண், முர்பாட் வழியாக மால்ஷேஜ் காட்டுக்குப் புறப்பட்டோம். மழைக்காலத்தில் அம்மலையில் அருவிகள் சாலையின் மேலேயே விழும். மேகம் வண்டிக்குள் வந்து உட்காரும். குழந்தைகளின் ஆனந்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகலில் மைத்துனருக்கு ஆசை விடவில்லை. முர்பாட்டுக்கு இப்பால் ஒரு வயற்காட்டுப் பாதையில் வண்டியை இறக்கினார். ஒரு பாறைக்கும் சேற்றுக்கும் நடுவே முன்சக்கரம் சிக்கிக்கொண்டது. நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இடமும் வலமும் முழுக்கத் திருப்பித் திருப்பி வெளியே வந்தார். அப்போது முன்புறமிருந்து ‘டக்’ என்றொரு சப்தம் கேட்டது. கல் தெறித்ததென்றார் அவர். இருக்கலாம் என்று நானும் இருந்துவிட்டேன். சயானுக்கு வந்து சேரும்போது இரவு ஒன்பது மணி.

மறுநாள் மாலை செம்பூருக்குப் போயிருந்தபோது, கழுவி நிறுத்தியிருந்த வண்டியைச் சும்மா குனிந்து பார்த்தேன். கறுப்புப் பெயிண்டின் மேல், பற்றவைத்த இடத்தின் கீழ்மூலையில், செம்மண் நிறத்தில் ஒரு கோடு. கழுவிய வண்டியில் அந்த ஒரு கோடு மட்டும் எப்படி மிஞ்சும்? ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இது ஒரு பழைய பாடம். இரும்பில் துரு கோடாக வழிந்தால் அது அழுக்காயிராது. உள்ளிருந்து வருவதாகவே இருக்கும். மாதுங்கா வண்டிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், அல்ட்ராசானிக் கருவி எல்லாம் வருமுன்னே விரிசலைக் கண்டுபிடித்த முறையை எனக்கு ஒரு முறை விளக்கியிருக்கிறார். இரும்பைத் துடைத்து மண்ணெண்ணெய் பூசுவது. சற்றுப் பொறுத்துத் துணியால் நன்றாக ஒற்றி எடுத்துவிடுவது. அதன் மேல் சுண்ணப் பொடி தூவுவது. விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் கோடு கிழித்துக் காட்டும். வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை. பெயிண்ட்காரரிடம் கொஞ்சம் வாங்கி வந்தோம். என் மகனின் சாக்பீஸைப் பொடித்தோம். பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு விரல் நீளத்திற்குக் கோடு எழுந்தது, யாரோ பென்சிலால் போட்டாற்போல.

மைத்துனர் வெகு நேரம் பேசவில்லை. அந்தத் தகடு கையோடு பெயர்ந்திருந்தால் ஸ்டியரிங் சக்கரம் சுழன்றுகொண்டே இருந்திருக்கும், வண்டி தன் வழியே போயிருக்கும். மால்ஷேஜில் சாலையின் ஒரு புறம் பாறை, மறுபுறம் ஒன்றுமில்லை.

இனி தாராவிப் பட்டறைக்கு வருவோம். அதை நடத்துபவர் திருநெல்வேலிச் சீமைக்காரர்; அறுபது வயதிருக்கும். எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைப்பர். அவர் படுத்தபடியே வண்டிக்கடியில் போய், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, துணியால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதற்கேள்வி: “தம்பி, பெட்டிய இங்க வைக்கணும்னு யாரு தீர்மானிச்சது?”

மைத்துனர் விழித்தார்.

“அத நாம தீர்மானிக்கக் கூடாது. முன் அச்சுதான் தீர்மானிக்கணும். இவங்க எங்க காலியிடம் இருந்துச்சோ அங்க ஒட்டியிருக்காங்க.”

இந்த ஒரு வாக்கியத்தின் பொருள் விளங்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஜீப்பின் முன் அச்சு பட்டை வில்லின் மேல் உட்கார்ந்து ஏறி இறங்குகிறது. ஸ்டியரிங் பெட்டியோ சேஸிஸோடு இருக்கிறது, ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. இரண்டையும் இணைப்பது டிராக் லிங்க். அது படுக்கை வாட்டத்தில் கிடந்தால், அச்சு சற்று ஏறி இறங்கினாலும் அதன் எதிர்முனை பக்கவாட்டில் அதிகம் நகராது. சரிந்து செங்குத்தாக நின்றாலோ, அச்சு ஒவ்வொரு முறை ஏறும்போதும் அத்தண்டு சக்கரத்தைத் தானே தள்ளும் அல்லது இழுக்கும். ஓட்டுபவர் கை அசையாமலிருக்க, வண்டி மட்டும் மேடு பள்ளத்துக்கெல்லாம் திரும்பும். ஆகவே பெட்டியின் உயரம், முன்பின் தூரம், டிராப் ஆர்மின் நீளம் எல்லாம் அச்சின் இருப்பிடத்தை ஒட்டியே அமைய வேண்டும். வில்லை மாற்றி வண்டியை உயர்த்தியவர்களும், பெரிய டயருக்கு இடம் வேண்டி அச்சை முன்னுக்கு நகர்த்தியவர்களும் பெட்டியை மறுபடி இடம் மாற்ற நேர்வது இதனாலேதான்.

அண்ணாச்சி முதலில் பிராக்கெட்டைச் செய்யவில்லை. மூன்று நாள் அளவெடுத்தார். வில்லின் கீழ்ப்பட்டைகளைக் கழற்றி மேல்பட்டையை மட்டும் விட்டு, ஜாக்கியால் அச்சை அதன் தடுப்புக் கட்டையில் முட்டும்வரை உயர்த்தினார், பிறகு தொங்கவிட்டார். ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கினார். ஒவ்வொரு நிலையிலும் சக்கரத்தை இடம், வலம் முழுவதும் திருப்பி, தண்டு எதிலாவது இடிக்கிறதா என்று பார்த்தார். முதலில் அட்டையில் வெட்டிய பிராக்கெட், பிறகு மெல்லிய தகட்டில் ஒன்று, அதன் பிறகே கனத்த தகடு. அட்டையில் வெட்டிய போது, “தைக்கிறவரு பேப்பர் வெட்டறாப்ல இருக்கே” என்று நான் விளையாட்டாய்ச் சொன்னேன். “சட்டை இறுக்கமாப் போனா பித்தான் போகும் சார், இது அப்படியா?” என்றார்.

வாங்கி வந்த பெட்டியின் திசையையும் அவர் சரிபார்த்தார். இது எனக்கு வேடிக்கையாய்த் தோன்றியது. ஆனால் ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள வண்டிக்கோ, டிராப் ஆர்ம் வேறு விதமாய்த் தொங்கும் வண்டிக்கோ செய்த பெட்டியைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பிப் பூட்டினால், வலப்புறம் திருப்பினால் இடப்புறம் போகும் வண்டி கிடைத்துவிடுமாம்! அப்படி ஒரு வண்டி தம் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வரப்பட்டதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார்.

பின்னர் வலிமை. இங்கேதான் பவர் ஸ்டியரிங்கின் சூட்சுமம் இருக்கிறது. சாதாரண ஸ்டியரிங்கில், சக்கரம் பாறையில் சிக்கினால், மனிதனுடைய தோளின் பலம் எவ்வளவோ அவ்வளவுதான் பிராக்கெட்டின் மேல் ஏறும். முடியாதென்றால் அவன் விட்டுவிடுவான். பவர் ஸ்டியரிங்கில் தள்ளுவது மனிதனன்று, எண்ணெய். அதன் பம்பு சதுர அங்குலத்திற்கு ஆயிரம் பவுண்டு அழுத்தத்தை எட்டக்கூடியது. அதற்கு இரக்கமும் இல்லை, களைப்பும் இல்லை. பெட்டி தண்டை எவ்வளவு பலமாய் ஒரு புறம் தள்ளுகிறதோ, அவ்வளவு பலமாய் அதுவே எதிர்ப்புறம் தள்ளப்படுகிறது. அதைத் தாங்குவது பிராக்கெட். பிராக்கெட்டைத் தாங்குவது சேஸிஸ். எங்கள் பழைய பிராக்கெட்டோ பெட்டியைச் சேஸிஸிலிருந்து நாலு விரல் வெளியே தள்ளி நிறுத்தியிருந்தது. தள்ளி நிற்க நிற்க முறுக்கு அதிகம். தூரம் இரட்டித்தால் முறுக்கும் இரட்டிக்கும். ஒரு விரலால் திருப்ப முடிந்ததே என்று நாங்கள் மகிழ்ந்தோமே, அந்தச் சுகத்திற்கான விலையை முழுவதும் அந்தத் தகட்டின் மூலை செலுத்திக்கொண்டிருந்தது.

புதிய பிராக்கெட்டைப் பத்து மில்லிமீட்டர் தகட்டில் வெட்டி, சேஸிஸை எவ்வளவு ஒட்டி வைக்கலாமோ அவ்வளவு ஒட்டி வைத்தார். முக்கோண முட்டுகள் கொடுத்தார். சேஸிஸின் மறுபுறம் ஒரு பட்டைத் தகட்டை வைத்து, இரண்டுக்கும் நடுவே போல்ட்டுகள் ஊடுருவிச் செல்லும்படி செய்தார். சேஸிஸ் உள்ளே வெறுமையாயிருக்கும் இடத்தில் வெறும் போல்ட்டைப் போட்டு இறுக்கினால், தகரடப்பாவை அழுத்தினாற்போல் அது உள்வாங்கும். போல்ட் இறுகியது போலத் தோன்றி நாலு நாளில் தளரும். அதற்காகத் துளைக்குள்ளே கனத்த குழாய்த் துண்டுகளைச் செருகிப் பற்றவைத்தார். இனி எவ்வளவு இறுக்கினாலும் குழாய்தான் தாங்கும். முதல் பட்டறையில் இந்தக் குழாய் ஒன்றுகூட வைக்கவில்லை. துளைகளும் காஸில் வெட்டியவை. முட்டை வடிவில் இருந்தன. துளையைத் துளைக்கருவியால்தான் போட வேண்டும். போல்ட் துளையில் ஆடினால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சம்மட்டி அடி.

பற்றவைப்பதில் அவர் காட்டிய நிதானத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பாட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் முதலில் கழற்றிவிட்டார். பெயிண்ட், துரு எல்லாம் சுரண்டி வெள்ளையாக்கினார். சேஸிஸின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் குறுக்கே பற்றவைக்கவே இல்லை, நீளவாக்கிலேயே வைத்தார். குறுக்கே வைத்தால் அங்கே இரும்பின் குணம் மாறி, நாளைக்கு விரிசல் பிறப்பது அந்த வரம்பில்தானாம். எங்கள் பழைய விரிசலும் சரியாகக் கீழ்விளிம்பில், பற்றவைப்பு முடிந்த முனையில்தான் பிறந்திருந்தது. எல்லாம் முடிந்த பிறகும் உடனே பெயிண்ட் அடிக்க அவர் விடவில்லை. “நூறு கிலோமீட்டர் ஓடட்டும், அப்புறம் பாத்துட்டு அடிப்போம். பெயிண்ட் அடிச்சா எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது” என்றார்.

போல்ட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் வீட்டுக்காரரே கண்காணிக்க முடியும். தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ எண் பொறித்த போல்ட்டே ஸ்டியரிங்கிற்குரியது. எண்ணில்லாத போல்ட் கதவுக்கும் நாற்காலிக்கும் போதும். நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. முனைகளில் வரும் கிரீட நட்டை அதற்குரிய அளவுக்கு இறுக்கி, ஸ்பிளிட் பின் செருக வேண்டும். பின்னுக்குத் துளை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டுமேயன்றி, பின்னுக்குத் தளர்த்தி நேராக்கக் கூடாது. இதே பாடத்தை ரயில் பெட்டிகளின் பிரேக் கம்பிகளிலும் காணலாம். ஒரு பைசாப் பெறுமா பெறாதா என்று தோன்றும் ஒரு வளைந்த கம்பித் துண்டு, டன் கணக்கான எடையை அதனதன் இடத்தில் நிறுத்தி வைக்கிறது. கடைசியாக, இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்ந்தாற்போல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடிட்டார். கோடு முறிந்தால் நட்டு நகர்ந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்டுகொள்ளலாம்.

பெட்டி முன்னே போனதால் ஸ்டியரிங் தண்டையும் நீட்ட வேண்டியதாயிற்று. முதல் பட்டறைக்காரர்கள் இரண்டு தண்டுகளை முனைக்கு முனை வைத்து ஒட்டியிருந்தார்கள்! அதைக் கண்டபோதுதான் அண்ணாச்சிக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகும் தண்டையும் இரண்டு யூ ஜாயிண்டுகளையும் வாங்கி வரச் சொன்னார். ஜாயிண்டுகள் இரண்டும் ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் சில இடத்தில் இலேசாகவும் சில இடத்தில் கனமாகவும் திரும்பும். பற்கள் முழு நீளத்திற்கும் கவ்வியிருக்க வேண்டும். சூடான புகைக் குழாயை உரசக் கூடாது.

பின்னும் ஒரு நுட்பம். ஸ்டியரிங் பெட்டிக்குள் ஒரு கோடியும் மறுகோடியும் உண்டு. சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எண்ணிக்கொண்டே சுற்றி, அதில் பாதியில் நிறுத்தி, அப்போது முன்சக்கரங்கள் நேராக இருக்கும்படி தண்டைப் பூட்ட வேண்டும். அன்றியும், முன் அச்சில் உள்ள தடுப்புத் திருகில் சக்கரம் முட்டுவது முதலிலும், பெட்டியின் உட்கோடி வருவது பிற்பாடுமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முழுத் திருப்பத்திலும் பெட்டியே தன் வயிற்றில் அடி வாங்கும்.

வேலை முடிந்த அன்று சோதனை செய்தோம். எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நின்றபடியே மைத்துனர் சக்கரத்தை இடமும் வலமும் அசைக்க, அண்ணாச்சி என் கையைப் பிடித்துப் பெட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவே விரலை வைக்கச் சொன்னார். பழைய பிராக்கெட்டில் இதே சோதனையைக் கழற்றுமுன் செய்து காட்டியிருந்தார். அப்போது பெட்டி மூச்சு விடுவது போல் அசைந்ததை விரல் உணர்ந்தது. இப்போது ஓர் அசைவுமில்லை. இந்தச் சோதனையை எவரும் தம் வண்டியில் செய்து பார்க்கலாம். இரண்டு ஆள் வேண்டும், அவ்வளவுதான். வண்டி சமதரையில் கைப் பிரேக்கோடு நிற்க வேண்டும். சுழலும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் விரலைத் தள்ளியே வைக்க வேண்டும்.

இனி அரசாங்கம் சொல்வது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி ஸ்டியரிங்கைப் பற்றியது. ஸ்டியரிங் சக்கரத்தில் வெற்றாட்டம் 30 டிகிரிக்கு மேற்படக் கூடாது. பந்து முனைகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். போல்ட்டோ பின்னோ கொண்டு இணைத்த இடங்கள் கழன்று போகாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 30 டிகிரி என்பது முழுச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நாற்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் ஓரத்தில் அளந்தால் சுமார் பத்தரை சென்டிமீட்டர். நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். பெல் கிராங்க் இருந்த காலத்தில் மைத்துனர் வண்டியில் இது எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கவே கூச்சமாயிருக்கிறது. இப்போது மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு.

ஆனால் இன்னொரு சட்டமும் உண்டு. இதை மைத்துனரின் நண்பர் கூட்டம் அவ்வளவாக விரும்புவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றில் உள்ளவை ஆகிவிடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்திற்று. எந்த மாற்றம் இதற்குள் வரும், எது வராது என்று பட்டறையில் உட்கார்ந்து வாதாடுவதில் பயனில்லை. துளை போடுமுன் பதிவு அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது. பின்னால் ஒரு விபத்து நேர்ந்து, ‘இந்தப் பிராக்கெட் எங்கிருந்து வந்தது?’ என்று சர்வேயர் கேட்கும்போது பதில் தேடுவது கஷ்டம். நாங்கள் முறைப்படி முதலில் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விண்ணப்பத்தை நான்தான் பிறகு எழுதினேன். குமாஸ்தாவால் ஆன உதவி. அதற்குப் பதில் வருமளவும் வண்டியைப் பொதுச் சாலையில் குடும்பத்தோடு எடுப்பதில்லை என்று மைத்துனர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பதினைந்து ஆண்டு கழிந்த வண்டியாதலால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சோதனையும் வரவிருக்கிறது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று மைத்துனர் கேட்டார். அண்ணாச்சி உடனே பதில் சொல்லவில்லை. “யாரை உக்கார வச்சு ஓட்டப் போறீங்க?” என்று கேட்டார். பிறகு, சேற்றில் இறங்கி ஏறிய ஒவ்வொரு முறையும் கழுவிய பின் கோடுகளைப் பார்க்கச் சொன்னார். நூறு கிலோமீட்டர் ஆனதும் தம்மிடம் ஒரு முறை கொண்டுவந்து எல்லா நட்டுகளையும் இறுக்கிக்கொள்ளச் சொன்னார்.

நூறு கிலோமீட்டர் ஆன அன்று நானும் உடன் போனேன். பதினொரு நட்டுகளில் பத்தில் கோடு அப்படியே இருந்தது. ஒன்றில் மட்டும், டிராப் ஆர்மின் பக்கத்தில் உள்ளதில், நூலளவு விலகியிருந்தது. அண்ணாச்சி அதைக் கழற்றிப் புதிய நட்டுப் போட்டு, டார்க் ஸ்பானரால் இறுக்கி, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒரு கோடிட்டார். அதன் பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.